இரவல் நோயாளி

"எனக்கு எப்பக்கா வலிப்பு வந்துச்சு?"

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெரிய சிஸ்டர் அப்படியே நின்றாள். ஆண்கள் வார்டின் வாசலில் அவளுடைய தம்பி நின்றுகொண்டிருந்தான். பஸ் டிரைவர் சீருடை, இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. முகம் மட்டும் அறை வாங்கியவன் முகம் போல இருந்தது.

"என்னடா உளர்றே?"

"நான் உளறல. உங்க ஆஸ்பத்திரிதான் உளறுது. லைசென்ஸ் புதுப்பிக்கணும், உடம்பு நல்லா இருக்குன்னு சர்டிஃபிகேட் கேட்டு வந்தேன். கீழே இருக்கற டாக்டர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துட்டு, உனக்கு வலிப்பு இருக்கு, நீ சைக்கிள்கூட ஓட்டக் கூடாதுங்கறாரு. அதோட விட்டாரா? எத்தனை வருஷமா குடிக்கறேன்னு கேக்கறாரு. எனக்குப் பின்னாடி வரிசைல எங்க டிப்போ ஆளுங்க நிக்கறாங்க. அவங்க காதுல விழற மாதிரி கேக்கறாருக்கா!"

பெரிய சிஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வார்டில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த வார்டில் அவள்தான் மற்றவர்களை அதட்டியிருக்கிறாள். அவளை யாரும் அதட்டியதில்லை.

"குடிகாரனாம். நம்ம அப்பா பெத்த பிள்ளை குடிகாரனாம்," என்றான் தம்பி. இந்த முறை குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். அதுதான் அதிகம் வலித்தது.

அவர்களுடைய அப்பா லாரி ஓட்டினார். லாரிக்காரர்கள் என்றால் ஊர் என்ன நினைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே வாழ்நாள் முழுவதும் ஒரு சொட்டு தொடவில்லை. தொட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. அவர் விட்டுப்போன சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். பிள்ளைகள் இருவரும் அதைக் கண்ணாடிப் பாத்திரம் போலக் காப்பாற்றி வந்தார்கள். இப்போது அதை யார் கீழே போட்டது?

"எப்படிக்கா என் பேர்ல இதெல்லாம் வந்துச்சு?"

"நான்தான்டா உன் ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்தேன்," என்றாள் பெரிய சிஸ்டர்.

அவள் அந்த நம்பரைக் கொடுத்த அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. நோயாளியைப் பற்றிய எதையும் இனிமேல் தாளில் எழுதக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. உத்தரவு வந்த வேகத்தில் கம்ப்யூட்டர்கள் வரவில்லை. மருத்துவமனை முழுவதையும் பழக்குவதற்கு என்று வந்து சேர்ந்தது ஒற்றைக் கம்ப்யூட்டரும், கழுத்தில் டை கட்டிய ஓர் ஆளும்தான். போர்வைகள் அடுக்கும் அறையில் பாதியைக் காலி செய்து அதைப் பயிற்சி அறை என்றார்கள். சுவரில் பெரிதாகப் படம் காட்டும் கருவிக்குப் பல்பு போயிருந்தது. இரவு டியூட்டி முடித்த நர்சுகள் கண் செருகிக்கொண்டு நின்றார்கள். உட்கார நாற்காலி இல்லை. ஒருத்தி தோளுக்கு மேலே இன்னொருத்தி எட்டிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

"உங்க ஒருத்தருக்குத்தான் ஐடி வந்திருக்கு மேடம். மத்தவங்களுக்கு வர்ற வரைக்கும் உங்க ஐடியிலயே எல்லாரும் பழகட்டும்," என்றான் டைக்காரன். பெரிய சிஸ்டரின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டினான். பிறகு, "ஏதாவது ஒரு நோயாளி நம்பர் சொல்லுங்க. அதுல எழுதிப் பாக்கலாம்," என்றான்.

யாரோ ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த முதியவரின் நம்பரைச் சொல்ல வாயெடுத்தார்கள். பெரிய சிஸ்டர் விடவில்லை.

"நம்மள நம்பிப் படுத்திருக்கற மனுஷன். அவர் பேர்ல பொய் எழுதறதா? கை கூச வேணாம்? யாராவது அவங்கவங்க வீட்டு ஆளு நம்பரைக் கொடுங்க."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரசவ வார்டு நர்சுக்கு மருத்துவமனை முழுவதும் வாயாடி என்று பெயர். "என் வீட்டுக்காரர் நம்பரைத் தாராளமாக் கொடுப்பேன் சிஸ்டர். ஆனா அதுல எந்தக் கண்றாவிய எழுதினாலும் உண்மையாப் போயிடும்," என்றாள் அவள்.

சிரிப்பு அடங்கியதும் பெரிய சிஸ்டர் தன் தம்பியின் நம்பரைக் கொடுத்தாள். பஸ் கதவில் விரல் நசுங்கித் தையல் போட வந்தபோது அவனுக்குக் கிடைத்த நம்பர். அதற்கு முன்னும் பின்னும் அவன் மருத்துவமனைப் பக்கம் வந்ததில்லை. "கல்லு மாதிரி இருக்கறவன். அவன் பேர்ல எழுதினா ஒண்ணும் ஒட்டாது," என்றாள் பெருமையாக.

தம்பியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அம்மா போன பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவனுடைய சட்டையை அவனைக் கேட்டா துவைத்தாள்? பேரும் அப்படித்தான் என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் ஒரே கும்மாளம். ஒருத்தி அவனுக்கு வலிப்பு என்று ஏற்றினாள். இன்னொருத்தி தினமும் குடிப்பவன் என்றாள். வாயாடி அவனை எட்டு மாதக் கர்ப்பிணி ஆக்கினாள். கம்ப்யூட்டர் அதையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. அறையே அதிர்ந்தது. பெரிய சிஸ்டரும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"கவலைப்படாதீங்க மேடம். போறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் அழிச்சிட்டுத்தான் போவேன்," என்றிருந்தான் டைக்காரன். அதற்குள் அவனுடைய வண்டி வந்துவிட்டது. மழைக்குப் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடினான். அழித்தாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் தம்பி நின்றபடியே கேட்டான். கடைசியில் ஒன்றுதான் சொன்னான்.

"என்னைக் கேட்டியாக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டான்.

அவள் மருந்து வண்டியை இன்னொரு நர்சிடம் ஒப்படைத்துவிட்டு நேராக மேலே போனாள். மேல் மாடியில் கண்காணிப்பாளரின் அறை. கதவைத் தள்ளியதும் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. மேசை மேல் அகலமான ஒரு புதுக் கம்ப்யூட்டர். திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கக்கூட இல்லை. கீழே ஒன்றை வைத்துக்கொண்டு மருத்துவமனையே முட்டி மோதிக்கொண்டிருந்தபோது இது இங்கே அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் பாதிப் படியில் அடங்கியிருந்த ஆத்திரம் மறுபடி தலைக்கேறியது.

கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஏறினது ஏறினதுதான் சிஸ்டர். இங்கேருந்து யாரும் அழிக்க முடியாது. தலைமை அலுவலகம்தான் அந்தப் பதிவை அடிச்சுத் தரணும். அவங்க கேக்கற முதல் கேள்வி, இதை எழுதினது யாரு? உங்க ஐடி. உங்க பாஸ்வேர்டு."

"என் ஐடியில எல்லாரையும் எழுத வச்சது நீங்க அனுப்பின ஆளு சார்."

"அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

"எழுத்துல எழுதாதேன்னுதானே சார் பயிற்சியே கொடுத்தீங்க!"

அவர் முகம் சுருங்கியது. "கோவப்படாதீங்க. பதிவுல வலிப்புன்னு இருக்கும்போது அந்த டாக்டர் எப்படிக் கையெழுத்துப் போடுவாரு? நாளைக்கு பஸ்ஸை எங்கேயாவது மோதினா யார் பதில் சொல்றது?"

"அதே பதிவுல எட்டு மாசக் கர்ப்பம்னும் இருக்கு சார். அதை நம்பலையே? வலிப்பை மட்டும் நம்பறீங்க. குடியை மட்டும் நம்பறீங்க. நம்பறதுக்கு வசதியா இருக்கறதை மட்டும் பொறுக்கி எடுத்துக்குவீங்களா?"

பதில் இல்லாதபோது பெரிய அதிகாரிகள் செய்வதை அவரும் செய்தார். ஒரு தாளை எடுத்தார். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த தாள். அப்படியானால் கீழே வரிசையில் நடந்தது அவள் வருவதற்கு முன்பே இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 'என் கவனக்குறைவினால் நோயாளியின் பதிவில் தவறான விவரங்களை ஏற்றிவிட்டேன்' என்று அதில் இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நானே தலைமை அலுவலகத்துல பேசி அதை அடிக்க வச்சுத் தரேன். உங்க பணிப் பதிவேட்டுல ஒரு சின்னக் குறிப்பு ஏறும், அவ்வளவுதான். ஓய்வு பெறப் போற நேரத்துல அது ஒண்ணும் செய்யாது."

பேனாவை நீட்டினார். பெரிய சிஸ்டர் வாங்கினாள். கவனக்குறைவு என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பு கிடைக்காத குழந்தைக்கு எல்லோரும் கைவிட்ட பிறகு ஊசி போட்டவள். பொடி எழுத்து மருந்துச் சீட்டை டாக்டரிடமே திருப்பி அனுப்பி, 'இந்த அளவு சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டு வாங்கியவள். அவளுடைய பேருக்கு நேரே கவனக்குறைவு.

"வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்," என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

"மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க," என்றார் அவர். தம்பியின் லைசென்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

டியூட்டி முடிந்து தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள். வழக்கமாக "வாங்க அண்ணி" என்று பையை வாங்கிக்கொள்பவள், இன்று வழியை மட்டும் விட்டாள். உள்ளே தம்பி பாதி வெட்டிய காய்கறிக்கு முன்னால் கத்தியோடு உட்கார்ந்திருந்தான். பகல் வெளிச்சத்தில் அவன் வீட்டில் இருப்பதை அவள் பார்த்ததே இல்லை.

"டிப்போல உக்கார வச்சிட்டாங்களாம் அண்ணி. வண்டி கொடுக்கலையாம். கண்டக்டர் ஒருத்தன், 'என்ன மாமா, நேத்து ராத்திரி எத்தனை ரவுண்டு'ன்னு கேட்டானாம். இவர் அவன் சட்டையைப் பிடிச்சிருக்காரு. அதையும் எழுதிக்கிட்டாங்களாம். வலிப்பு, குடி, இப்ப அடிதடி. ஒரு மனுஷனுக்கு இன்னும் என்னதான் வேணும்?"

பெரிய சிஸ்டர் தாளை எடுத்துக் கொடுத்தாள். தம்பி மனைவி படித்தாள்.

"ஒரு கையெழுத்துதானே அண்ணி," என்றாள் மெல்ல.

"எனக்கும் அது தெரியும்மா."

"தெரிஞ்சா ஏன் இன்னும் போடல? உங்க பேரு கெடக் கூடாது. இவர் பேரு கெட்டாப் பரவாயில்லையா? நீங்க கொடுத்த பேருதானே."

சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. தம்பி தலையைத் தூக்காமல் காய் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி பலகையில் டொக் டொக்கென்று விழுந்தது. 'அக்காவை அப்படிப் பேசாதே' என்று அவன் சொல்வான் என்று பெரிய சிஸ்டர் காத்திருந்தாள். அவன் அடுத்த காயை எடுத்தான்.

காலையில் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மருத்துவமனைக்கு வந்தாள். தன் பேரில் ஒரு கறை. தம்பி பேரில் இருந்து அது நீங்கும். கணக்கு சரிதான். சரியான கணக்குக்கு நெஞ்சு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்பதுதான் புரியவில்லை. மேல் மாடியில் கண்காணிப்பாளர் இல்லை. "கீழே போர்வை ரூம்ல இருக்காரு, அடுத்த பேட்ச் பயிற்சிய ஆரம்பிச்சு வைக்கறாரு," என்றார்கள்.

போர்வை அறையில் அதே ஒற்றைக் கம்ப்யூட்டர். அதன் நெற்றியில் அவளுடைய பாஸ்வேர்டு, ஓரம் சுருண்டு, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் புதிதாகச் சேர்ந்த நர்சுகள், ஆய்வகப் பணியாளர்கள், மருந்து கொடுப்பவர்கள். நின்றுகொண்டுதான் இருந்தார்கள். வாயாடி அன்று ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை என்று மறுபடி அனுப்பப்பட்டிருந்தாள். கண்காணிப்பாளர் முன்னேற்றம் என்ற சொல்லைப் பலமுறை சொல்லிப் பேசி முடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் டைக்காரன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். இன்று டை வேறு நிறம்.

"ஏதாவது ஒரு நோயாளி நம்பர் சொல்லுங்க. அதுல எழுதிப் பாக்கலாம்."

அதே வார்த்தைகள், அதே ராகம். பெரிய சிஸ்டரின் கையில் இருந்த தாள் கசங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், உங்க நம்பரைக் கொடுங்க," என்றாள் கண்காணிப்பாளரைப் பார்த்து.

"என்ன சிஸ்டர்?"

"உங்களுக்கும் இங்க ஒரு நம்பர் இருக்கும்ல. எல்லாருக்கும் பதிவு போடணும்னு நீங்கதானே சொன்னீங்க. அதைக் கொடுங்க. புள்ளைங்க எழுதிப் பழகட்டும். வலிப்பு, குடி, பைத்தியம், என்ன தோணுதோ எழுதட்டும். சாயந்திரம் இவர் அழிச்சிடுவாரு."

"விளையாடாதீங்க. என் பேர்லயா?" என்றார் அவர். சொன்ன வேகத்தில் ஒரு கை தானாகக் கம்ப்யூட்டரை மறைத்தது.

"ஏன் சார், உங்க பேர்ல எழுதினா ஒட்டிக்குமா?"

பின்னாலிருந்து வாயாடி, "கர்ப்பத்தை நான் போடறேன் சார், எனக்குப் பழக்கம்," என்றாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"என் தம்பி நம்பரை அவனைக் கேக்காமக் கொடுத்தேன். அது என் தப்பு. அதை அவன்கிட்ட ஒத்துக்கிட்டேன். கேட்டுத்தான் வாங்கணும்னு அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அதனாலதான் உங்களை நேருக்கு நேரா கேக்கறேன். கொடுக்க முடியுமா, முடியாதா?"

கண்காணிப்பாளர் டைக்காரனைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல் டைக்காரன் நடுவில் புகுந்தான்.

"யார் நம்பரும் வேணாம் மேடம். வேணும்னா பயிற்சிக்குன்னு தனியா ஒரு பொய் நோயாளியை உருவாக்கிக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை."

பெரிய சிஸ்டர் அவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு நிமிஷமா?"

"ஆமா மேடம்."

"அன்னிக்கு ஏன் பண்ணல?"

"யாரும் கேக்கல மேடம்."

அந்த நிமிடம் அவள் அவனை அடித்திருந்தால் அறையில் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவள் அடிக்கவில்லை. கசங்கிய தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். அதைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் நின்றபடியே எழுதினாள். எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"'பயிற்சிக்கென்று தனி நோயாளியை உருவாக்காமல், ஆளுக்கு ஓர் ஐடி கொடுக்காமல், உண்மையான ஒருவரின் பதிவில் பொய் விவரங்களை எழுதிப் பழகும்படி மருத்துவமனை எங்களைப் பணித்தது. எழுதியதை அழிக்கவும் இல்லை.' இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா இப்பவே சொல்லுங்க சார். நான் இந்தப் பக்கத்தை அடிச்சிட்டு அந்தப் பக்கம் கையெழுத்துப் போடறேன்."

தன் கையெழுத்தை முதலில் போட்டாள். வாயாடி முண்டியடித்துக்கொண்டு வந்து அடுத்ததைப் போட்டாள். "கர்ப்பம் என் கைங்கரியம்னு பக்கத்துலயே எழுதிடறேன்," என்று எழுதவும் செய்தாள். அந்த மழை நாளில் அங்கே சிரித்தவர்கள், செய்தி கேட்டு டியூட்டிக்கு நடுவே ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். வலிப்பு எழுதியவள் அழுதுகொண்டே போட்டாள். டைக்காரன் தான் எங்கே போட வேண்டும் என்று கேட்டான். அவனையும் போடச் சொன்னாள். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். கண்காணிப்பாளர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

தலைமை அலுவலகம் பொய் விவரங்களை அடித்துக் கொடுத்தது. தம்பி மறுபடி வரிசையில் நின்று சர்டிஃபிகேட் வாங்கினான். வாங்கிக்கொண்டு அவன் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வார்டுக்கு வந்தான்.

"காட்டு," என்றான்.

அவள் கம்ப்யூட்டரில் அவனுடைய பதிவைத் திறந்தாள். இப்போது எல்லோருக்கும் தனித்தனி ஐடி வந்துவிட்டது. நெற்றியில் ஒட்டியிருந்த தாளையும் உரித்தாகிவிட்டது. தம்பி குனிந்து பார்த்தான். வலிப்பு என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு. குடிப்பழக்கம் என்பதன் குறுக்கே ஒரு கோடு. கர்ப்பத்தின் மேலும் ஒரு கோடு. ஓரத்தில் 'பயிற்சிக்காக மருத்துவமனை ஏற்றியது' என்று பொடி எழுத்தில் இருந்தது.

"அடிச்சிருக்கு. ஆனா படிக்க முடியுதே."

"முடியுதுடா."

"எப்பவுமா?"

"கேட்டுப் பாத்துட்டேன். இதுக்கு மேல அழிக்க முடியாதாம்."

அவன் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

"இனிமே என் பேரை யாருக்கும் கொடுக்காதேக்கா."

"கேக்காமக் கொடுக்க மாட்டேன்."

"கேட்டாலும் கொடுக்காதே," என்றான் தம்பி. தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டான். வாசல் வரை போனவன் நின்றான். "வண்டிய நாளைலேருந்து கொடுக்கறாங்களாம். காலைல உன் ஸ்டாப்புக்கு வருவேன். ஏறுறதா இருந்தா சீக்கிரமா வந்து நில்லு. உனக்காக நிறுத்திக்கிட்டு நிக்க மாட்டேன்."

"நிக்காதே," என்றாள் பெரிய சிஸ்டர். அவன் போன பிறகும் திரையை மூடாமல், கோட்டுக்கு அடியில் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக முறைத்துக்கொண்டிருந்தாள்.